மிதக்கப் பார்த்த தொட்டி

எங்கள் கல்லூரியில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபுக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் தொட்டி புதைந்திருக்கிறது. கூர்ந்து பார்த்தால் அதன் ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றையும் விட இரண்டு விரல் உயரமாக நிற்பது தெரியும். என் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் இரண்டு பெண்களும் போன வாரம் போன் செய்து, "அக்கா, இந்தத் தொட்டியைக் கட்டும்போதே கோணலாத்தான் கட்டினாங்களா?" என்று கேட்டார்கள். நேராகத்தான் கட்டினார்கள் என்றேன். "அப்புறம் எப்படிக்கா?" என்றார்கள். எனக்குப் போனில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது அந்த லேபில் பாதிச் சோதனைகள் கம்ப்யூட்டர் திரையிலேயே நடக்கின்றனவாம். திரையில் தண்ணீர் நீல நிறமாக ஓடுமாம், குமிழியே வராதாம். குமிழி இல்லாத தண்ணீரோடு என்ன வேலை செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் உத்தியோகமே குமிழியோடுதான்.

நான் படித்தது பத்தாவது. வீடு செம்பாக்கத்தில். தாம்பரத்தைச் சுற்றி இன்ஜினியரிங் கல்லூரிகள் வரிசையாக முளைத்த காலத்தில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். முதலில் ஆபீஸில்தான் போட்டார்கள். அங்கே வருகிற ஆட்களிடம் பேச வேண்டும். என் குரல் மேசையைத் தாண்டாது. ஒரே மாதத்தில் லேபுக்கு மாற்றினார்கள். அது எனக்குக் கிடைத்த வரம். அங்கே பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். யாரும் யாரையும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

வேலையை எனக்கு முன்பு இருந்தவர் ஒரு வாரத்தில் காட்டிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். சுவரில் மாட்டியிருக்கும் ப வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் இருக்கும். அதன் இரண்டு பக்கத்துக் குழாய்களையும் ஒன்றாகத்தான் திறக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திறந்தால், தண்ணீரின் அழுத்தம் பாதரசத்தை மறுபக்கம் வழியாகத் தூக்கி வெளியே வீசிவிடும். கீழே சிதறிய பாதரசத்தைப் பொறுக்குவது மாதிரி எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை.

அடுத்தது குமிழி. இரும்புக் குழாயிலிருந்து கண்ணாடிக் குழாய்க்கு மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் வழியாகத் தண்ணீர் வரும். அந்த ட்யூபுக்குள் கடுகளவு காற்று நின்றாலும் அளவு பொய்யாகிவிடும். தண்ணீர் நிற்க வேண்டிய உயரத்தைக் காற்று திருடிக்கொள்ளும். காலையில் மாணவர்கள் வருவதற்குள் எல்லா ட்யூபையும் நான் பார்த்துவிட வேண்டும். மேலே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, ட்யூபைக் கீழிருந்து மேலாக விரலால் நீவிக்கொண்டே வந்து, நகத்தால் சுண்டினால் குமிழி அசையும். விடாமல் சுண்ட வேண்டும். சில குமிழிகள் வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி கிளம்பவே கிளம்பாது. திருகு வழியாக வரும் தண்ணீர் புட் புட் என்று துப்பாமல் ஒரே கம்பியாக ஒழுகினால் சரி. மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சில வருஷத்தில் எனக்குப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, விரலுக்கே தெரிந்துவிடும்.

லேபுக்குப் பொறுப்பாக அமலா மேடம் வந்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. மேற்குத் தாம்பரத்துக்காரர், அப்பா அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஒல்லியாக, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருவார். கோபம் வந்து நான் பார்த்ததில்லை. யாராவது தப்பாகச் சொன்னால் திருத்தவும் மாட்டார். "சரி, இங்க எது எதைத் தள்ளுது? எவ்வளவு தள்ளுது?" என்று கேட்டுவிட்டு அப்படியே நிற்பார். பதில் வரும்வரை நிற்பார். பையன்களுக்குத் திட்டு வாங்குவது பழக்கம், அதைத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். அந்த மௌனத்துக்கு மட்டும் பயப்படுவார்கள்.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் ஒரு காலி பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் நேராக அமுக்கச் சொல்வார். வாளியின் வாய்க்குள் தண்ணீர் வரக்கூடாது. உடற்பயிற்சி செய்த தோளோடு ஒரு பையன் வருவான். பாதி வாளி போகும், அதற்கு மேல் கை நடுங்கும், வாளி சாய்ந்து எகிறி அவன் சட்டையை நனைக்கும். எல்லோரும் கத்துவார்கள்.

"வாளி எவ்வளவு இடத்தைப் பிடிச்சுக்குதோ, அந்த இடத்துல இருந்த தண்ணியோட எடை அளவுக்கு மேல தள்ளும்" என்பார் மேடம். "வாளிக்கு அந்த அளவு எடை இல்லேன்னா?"

"மிதக்கும் மேடம்."

ஒரு தடவை கோவளத்துக் குப்பத்திலிருந்து படிக்க வந்த பையன் பின்பெஞ்சிலிருந்து, "காலிப் படகுதான் மேடம் ரொம்ப ஆட்டம் போடும். மீனு ரொம்புனா கம்முனு உக்காந்துக்கும்" என்றான். மேடம் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தொட்டிக் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்துகளின் நடுவில், ஏரிகளெல்லாம் உடைத்துக்கொள்ளப் பார்த்த அந்த மழை வருஷம். சிவில் பிரிவுக்கு அனுமதி தர, லேபைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. லேபில் பழைய தொட்டி சிறியது, எல்லாச் சோதனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போதாது. அதனால் பின்பக்கம் பள்ளம் தோண்டிப் புதுத் தொட்டி கட்டினார்கள். கட்டியவர் கோவிலம்பாக்கத்து மேஸ்திரி கன்னியப்பன். கல்லூரி முதலாளியை நாங்கள் கரஸ்பாண்டென்ட் என்போம், மாணவர்கள் கரஸ் என்பார்கள். வருகிறவர்கள் அசந்து போக வேண்டும் என்று தொட்டிக்கு உள்ளே வெள்ளை டைல்ஸ் ஒட்டச் சொன்னார். தண்ணீருக்குள் போகப் போகிற சுவருக்கு டைல்ஸ்! கன்னியப்பன் ஒட்டி முடித்துவிட்டு, "இன்னா வசந்திம்மா, கல்யாண மண்டப பாத்ரூம் மாரி கீதுல்ல?" என்றார்.

டைல்ஸ் வரை வந்தாயிற்று. மேல் மூடி இன்னும் போடவில்லை. தொட்டிச் சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி, அதில் மண் நிரப்பவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரஸ்பாண்டென்ட் உத்தரவுப்படி தினமும் தொட்டிக்குள் விழும் மழைத் தண்ணீரை நானும் கன்னியப்பனும் இறைத்து, துணி போட்டுத் துடைத்தோம். வெள்ளை டைல்ஸ் பளபளவென்று இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் பெருமைகூட.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு காலையில், தொட்டியிலிருந்து லேப் சுவருக்குப் போகும் இரும்புக் குழாயைப் பார்த்தேன். அது லேசாகத் தொட்டியை நோக்கிச் சாய்ந்த குழாய். மழைத் துளிகள் அதன் அடிப்பக்கமாக ஓடித் தொட்டிப் பக்கம்தான் சொட்டும். அன்று லேப் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் குட்டையே கட்டியிருந்தது. நான் கொஞ்ச நேரம் குடையோடு நின்று பார்த்துவிட்டு, மேடத்தைக் கூப்பிட்டுக் கையால் காட்டினேன்.

மேடம் குனிந்து பார்த்தார். "கன்னியப்பன், குழாய் திரும்பிச் சாயுதே."

"மண்ணு எறங்கியிருக்கும் மேடம்" என்றார் அவர். "லேபு செவுரு பக்கம் ஓதம் ஏறி லைட்டா ஒக்காந்துகீது போல."

மேடத்தின் முகம் மாறியது. லேப் சுவர் இறங்கியிருந்தால் உள்ளே ஒரு மாணவனைக்கூட விட முடியாது. அப்போதே பூட்ட வேண்டும். பூட்டிய லேபைக் குழு எப்படிப் பார்க்கும்? அனுமதி கிடைக்காவிட்டால் மேடத்தின் வேலையும் இல்லை. அவர் அப்போது தற்காலிகம்தான். நிரந்தரமாக்கும் ஃபைல் கரஸ்பாண்டென்ட் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

"சுவர் இறங்கிச்சா, தொட்டி ஏறிச்சா?" என்றார் மேடம். தனக்குத் தானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"தொட்டி எப்டி மேடம் ஏறும்? அதுக்கு இன்னா காலா கீது?"

கட்டும்போது கன்னியப்பன் மூன்று இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தார். ஒன்று பழைய கேன்டீன் தூணில், ஒன்று லேப் சுவரில், ஒன்று தரைக்கு மேல் தெரியும் தொட்டிச் சுவரில். மட்டம் பார்க்கும் ட்யூபை எடுத்து வந்தார். நீளமான பிளாஸ்டிக் ட்யூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் எங்கே பிடித்தாலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். எங்கள் கண்ணாடிக் குழாய்க்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

மேடம் கேன்டீன் தூணில் ஒரு முனையைப் பிடித்தார். கன்னியப்பன் மறுமுனையை லேப் சுவரில் பிடித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது. சுவர் இறங்கவில்லை. மேடம் மூச்சு விட்டார். அடுத்து கன்னியப்பன் தொட்டிக்குப் போனார். அதற்குள் கரஸ்பாண்டென்ட் கார் வந்து, டிரைவர் குடை பிடிக்க அவரும் வந்து நின்றுவிட்டார்.

"இங்கியும் கோட்டுலதான் கீது மேடம்! எல்லாம் ஓகே!" என்று கன்னியப்பன் கத்தினார்.

"அப்புறம் என்ன?" என்றார் கரஸ்பாண்டென்ட். "சும்மா ஆளுங்களைப் பயமுறுத்திக்கிட்டு. யோவ் மேஸ்திரி, மழைத் தண்ணி உள்ள விழுது பாரு, தொடைய்யா."

நான் கன்னியப்பனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ட்யூபை அவர் முஷ்டியால் பிடித்திருந்தார். கை மாற்றும்போது, முஷ்டி இருந்த இடத்தில் தண்ணீர் இல்லை. மூன்று விரல் நீளத்துக்குக் காற்று. லேப் சுவரிலிருந்து வரும்போது ட்யூபைத் தோளில் போட்டு இழுத்து வந்ததில் புகுந்திருக்க வேண்டும். அந்தக் காற்று, மேலே இருந்த தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"குமிழி இருக்கு" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மழை, டீசல் பம்பு, கரஸ்பாண்டென்ட். மேடம் ட்யூபைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். நான் சொல்வது தப்பாக இருந்தால் கரஸ்பாண்டென்ட் முன்னால் மேடத்துக்கும் சேர்த்து அவமானம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போது முழுதாகப் புரியவும் இல்லை. பொய்யான அளவை எழுதிக்கொண்டு போகிறார்களே என்பதுதான் தாங்கவில்லை.

"மேடம்! குமிழி இருக்கு மேடம்!"

பம்பு ஓட்டிக்கொண்டிருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

மேடம் அப்போதே சுருட்டியதைப் பிரித்து, பழைய இடத்தில் பிடித்துக்கொண்டு, "எடுங்க வசந்திக்கா" என்றார்.

கன்னியப்பன் கையிலிருந்து முனையை வாங்கினேன். கீழிருந்து நீவி, நகத்தால் சுண்டினேன். அது உடைந்து இரண்டானது. மறுபடி சுண்டினேன். ஒன்று ஏறிப் போய் வெடித்தது, பிறகு மற்றது. தண்ணீர் சர்ரென்று இறங்கி, சிவப்புக் கோட்டுக்கு மூன்று விரல் கீழே நின்றது.

அதாவது கோடு மூன்று விரல் மேலே போயிருந்தது. தொட்டிதான் ஏறியிருந்தது. எதிர்ப்பக்க மூலையைப் போய்ப் பார்த்தோம். அங்கே ஒரு சாணே தூக்கியிருந்தது.

"அடப் பேஜாரே" என்றார் கன்னியப்பன். "நெஜமாவே கால் மொளச்சிகீது!"

மேடம் ஒரு குச்சியை இடைவெளியில் விட்டு வெளித் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்தார். பிறகு லேபுக்குள் போய்ச் சாக்பீஸால் சுவரிலேயே கணக்குப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். தொட்டியின் எடை பத்து டன்னுக்குக் கொஞ்சம் மேல். சுற்றி நிற்கும் தண்ணீர் மேலே தள்ளுவது பன்னிரண்டு டன்.

"வாளி" என்றேன் நான்.

"வாளியேதான்" என்றார் மேடம். "வருஷா வருஷம் நான்தான் அமுக்கிக் காட்டுறேன். இது ஒரு பெரிய வாளின்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"அப்ப சுத்தி இருக்கிற தண்ணியை இறைங்க" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"நேத்துலேந்து எறைச்சிகினுதான் கீறோம் சார்" என்று கன்னியப்பன் கையைக் காட்டினார். டீசல் பம்பு வெளியே கொட்டிய தண்ணீர் கால்வாயை நிரப்பி, கேன்டீனைச் சுற்றி அரை வட்டம் போட்டு, மறுபடியும் பள்ளத்துக்கே வந்துகொண்டிருந்தது. செம்பாக்கம் பக்கத்துத் தண்ணீரும் கூடவே வந்தது. "ஆனா உள்ள ஒரு சொட்டு கெடையாது சார். துணி போட்டு வழிச்சி வெச்சிகீறோம்."

"அதுதான் பிரச்சினையே" என்றார் மேடம். "உள்ள தண்ணி விடணும். இப்பவே."

"எந்தத் தண்ணி? மோட்டருக்குக் கரண்ட் இல்லையே."

மேடம் டீசல் பம்பின் ஹோஸைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். காப்பி நிறத்தில் சேற்றுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றார் கரஸ்பாண்டென்ட் மெதுவாக. "அது வெள்ளை டைல்ஸ்."

"தெரியும் சார்."

"நாளான்னைக்கு டீம் வருது. தொட்டி நிறைய சேறு காட்டி என்ன சொல்லப் போறீங்க? உங்க ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

மேடம் வழக்கமாக மாணவர்களிடம் நிற்கிற மாதிரி நின்றார். பிறகு சொன்னார்: "சார், இன்னும் அரை அடி தண்ணி ஏறினா தொட்டியும் அரை அடி ஏறும். குழாய் முறியும், பம்போட அடித்தளம் பிளக்கும். அப்ப டைல்ஸ் வெள்ளையாத்தான் இருக்கும். லேப் இருக்காது. எனக்கு வேலை போனா நான் வேற காலேஜ் பார்த்துக்கறேன். இது போச்சுன்னா பசங்களுக்கு இந்த வருஷம் பிராக்டிகல் கிடையாது."

கரஸ்பாண்டென்ட் டைல்ஸை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

முதலில் குழாயின் இணைப்பில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னார். தொட்டி இறங்கும்போது குழாயைப் பிடித்து இழுத்து முறிக்கக் கூடாதல்லவா. கன்னியப்பன் சேற்றில் முட்டி போட்டுக் கழற்றினார். பிறகு ஹோஸைத் தோளில் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்று டைல்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே விட்டார்.

நாள் கணக்கில் துடைத்த வெள்ளை ஒரு நிமிஷத்தில் காணாமல் போனது. தண்ணீர் முழங்கால் உயரம் வந்தபோது அடியில் எங்கோ முனகல் மாதிரி ஒரு சத்தம். தொட்டியைச் சுற்றிப் பெரிய பெரிய குமிழிகள் புளுக் புளுக்கென்று வந்தன. வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்த குமிழிகள் அவைதான். தொட்டி ஒரு குலுக்குக் குலுக்கி உட்கார்ந்தது. மூன்று மூலை இறங்கிவிட்டது. நான்காவதன் அடியில் சேறு புகுந்துகொண்டதால் இரண்டு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. போன் செய்த பெண்களே, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

"கம்முனு உக்காந்துகிச்சு" என்றேன் நான். கோவளத்துப் பையன் சொன்னதை நினைத்து மேடம் அந்தச் சேற்றிலேயே நின்று சிரித்தார்.

குழு வந்த அன்றும் மழை. மூன்று பேர், அதில் மூத்தவர் வெள்ளைத் தலை, பேச்சு குறைவு. நேராகத் தொட்டிக்குப் போனார். மேலே ஒரு வரிசை வெள்ளை டைல்ஸ் தெரிந்தது, அதற்குக் கீழே டீக்கடை பாய்லர் மாதிரி ஒரே பழுப்பு. கரஸ்பாண்டென்ட் வானத்தைப் பார்த்தார்.

"ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?"

"காலியா வெச்சா மிதக்குது சார்" என்றார் மேடம். "மிதந்துச்சு. அளந்து பார்த்தோம்."

"எவ்வளவு?"

மேடம் லேப் சுவரைக் காட்டினார். சாக்பீஸ் கணக்கை நாங்கள் அழிக்கவில்லை. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் பென்சிலை எடுத்துத் தன் கையில் பெருக்கிப் பார்த்தார். அவ்வளவு நேரமும் மேடம் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் ஒரு கண்ணாடிக் குழாய்ப் பலகைக்குப் பின்னால் நின்றேன்.

"பம்பைப் போடுங்க" என்றார் பெரியவர்.

போட்டேன். முந்தின நாளே கரண்ட் வந்துவிட்டது, கன்னியப்பன் குழாயை மறுபடி பூட்டியிருந்தார், குமிழிகளை நான் காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் பழுப்புத் தண்ணீர் ஏறி, ஒவ்வொன்றிலும் அதனதன் உயரத்தில் நின்றது. வழக்கமாக அந்த உயரத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டும், தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது. அன்று வாசலிலிருந்தே தெரிந்தது. பெரியவர் நின்ற இடத்தை விட்டு அசையாமல் எல்லா அளவையும் படித்தார்.

"நல்லாத் தெரியுதே" என்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "லேபை ஓட்டலாம்மா. தண்ணியை மட்டும் பின்னாடி மாத்திக்குங்க" என்றார்.

மறுநாள் காலை கரஸ்பாண்டென்ட் தானே குடை பிடித்துக்கொண்டு லேபுக்கு வந்தார். அதுவரை அவர் ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார். மேடம் கையில் ஒரு உறையைக் கொடுத்தார். மேடம் அதைப் பிரிக்காமலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றார். ஃபைலில் கையெழுத்து விழுந்துவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. கன்னியப்பன், "மேடம், ஸ்வீட்டு?" என்றார்.

கரஸ்பாண்டென்ட் பின்பக்கம் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். டைல்ஸ் நினைப்பு அவரை விடவில்லை. "அதான் பார்த்துட்டுப் போயிட்டாங்களே. இப்ப இந்தத் தண்ணியை இறைச்சிடலாமா?" என்று பொதுவாகக் கேட்டார். கன்னியப்பன் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். பிறகு கரஸ்பாண்டென்டும் என்னைத்தான் பார்த்தார்.

பள்ளத்தில் தண்ணீர் அப்படியே நின்றிருந்தது. குடை மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

"வேணாம் சார்" என்றேன். "மழை நிக்கட்டும்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.